ஐம்பத்து மூன்றில் ஒரு கோடு

பெட்டி வந்து சேர்ந்தபோது
உலர்பனி ஒரு கைப்பிடிதான் மிச்சம்.
சென்னைச் சுங்கத்தில் ஆறு நாள்,
பிறகு பர்லியாரில் நான்கு மணிநேரம்:
பலாப்பழக் காலம்,
தாயும் குட்டியுமாக யானை சாலையில் நின்றதாம்.
கூரியர் பையன் தானே குறுக்கே நின்றதுபோல் சொன்னான்.
கையெழுத்திடும் முன்பே குப்பியைத் தொட்டுப் பார்த்தேன்.
குளிர்ந்துதான் இருந்தது.
குன்னூரில் எதுதான் குளிராமல் இருக்கிறது.

இரண்டு சொட்டு. நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்.
லேபிளில்: முயல். பாலிகுளோனல்.
செரட்டோனின் ஏற்பி, இரண்டு-ஏ வகை.
எந்த தேசத்து முயலோ,
தன் உடலுக்குள் ஏற்றிய ஓர் அந்நியத் துணுக்கை
ரத்தத்தில் ஞாபகம் வைத்துக்கொண்ட விதம் அது.

மூன்று வருடம் அந்த ஞாபகத்தை நம்பினேன்.

எலி மூளையை அரைத்து, ஜெல்லில் ஓட்டி,
சவ்வுக்கு மாற்றி,
பெட்போர்டு மளிகைக் கடையின் பால்பவுடரைக்
கரைத்து ஊற்றி, இரவெல்லாம் ஆட்டும் மேசையில் விடுவேன்.
(கடைக்காரர் ஸ்தனிஸ்லாஸுக்கு
என் வீட்டில் கைக்குழந்தை என்று எண்ணம்.
நான் மறுக்கவில்லை.)

பங்களாவின் பழைய குளியலறைதான் இருட்டறை.
சிவப்பு விளக்கில் ஃபிலிமை முக்கினால்
ஐம்பத்து மூன்று கிலோடால்டனில்
ஒரு கோடு எழும், புருவம்போல.
வாடிய எலிக்கு மெலிந்து,
மருந்து தின்ற எலிக்குத் தடித்து.
அந்தக் கோட்டை வைத்து இரண்டு கட்டுரை.
இரண்டிலும் என் பெயர் மூன்றாவது.

அதே கதவைச் சாத்துகிற மாத்திரை ஒன்றை
நானும் படுக்கும் முன் விழுங்குகிறேன்.
அது இங்கே வேண்டாம்.

பெங்களூரிலிருந்து ஷாஹினா ஒரு குழாய் அனுப்பினாள்:
அந்த மரபணுவே நீக்கிய சுண்டெலியின் மூளை.
ஏற்பி அதில் இல்லை. இருக்க வழியே இல்லை.
"சும்மா ஒரு தடவை ஓட்டிப் பாரேன்" என்று ஒரு சீட்டு.

ஆடி மழை. இருட்டறைக்குள்ளும் மூடுபனி.
முக்கினேன்.
முதல் வரிசையில் கோடு.
இரண்டாம் வரிசையில்,
இல்லாதவனுக்கு ஒதுக்கிய வரிசையில்,
கோடு.
அதே உயரம். அதே புருவம்.

ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டினேன்;
உள்ளே யாரோ "இதோ வரேன்" என்றார்கள்.

"வரிசை மாறியிருக்கும்" என்றார் நிர்மலா மேடம்.
மாற்றி ஓட்டினேன்.
"பால் புளித்திருக்கும்."
புதிதாகக் கரைத்தேன்.
மூன்றாம் முறை மின்சாரம் போய்,
ஜெனரேட்டர் இருமி இருமி எழுந்து,
அப்போதும் வந்தது.
மேடம் ஃபிலிமை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
சில்வர் ஓக்கும் தேயிலைச் சரிவும்
கோட்டுக்குப் பின்னால் கலங்கித் தெரிந்தன.
"இத்தனை நாள் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்?"
என்னைக் கேட்கவில்லை. ஃபிலிமைத்தான் கேட்டார்.

இதழுக்குக் கடிதம் எழுத ஒன்பது நாள்.
"வருந்துகிறோம்" என்ற சொல்லை
இரண்டு முறை அடித்தார், மூன்றாம் முறை விட்டுவிட்டார்.
அந்தக் கடிதத்தில் மட்டும் என் பெயர் முதலில்.
மரியாதையா, வேறு ஏதாவதா,
இன்னும் தெரியவில்லை.

விலங்குக்கூடத்துப் போஜன் அண்ணன்
தீவன மூட்டையை இறக்கிவிட்டுக் கேட்டார்:
"அப்போ அந்த மொசலு பொய் சொல்லிருச்சா?"
முயல் ஒன்றும் சொல்லவில்லை, அண்ணா.
சொன்னது லேபிள்.
அது தன்னைக் குத்திய ஊசியை நினைவில் வைத்தது, அவ்வளவுதான்;
கூட்டத்தில் அந்தச் சாயலில் யார் வந்தாலும்
சட்டையைப் பிடித்துக்கொண்டது.
பெயர் வைத்தது நாங்கள்.

குப்பியை யாரும் தூக்கி எறியவில்லை.
நாற்பத்திரண்டாயிரம் அல்லவா.
மைனஸ் எண்பதின் அடித்தட்டில் இருக்கிறது.
பழைய லேபிளை அடித்துவிட்டு
மார்க்கரால் எழுதிவைத்தேன்:
யாரையோ பிடிக்கிறது.

புதிதாகச் சேர்ந்த மேகலா
பனியைத் துடைத்துப் படித்துவிட்டுச் சிரித்தாள்,
"யாரையாம்?" என்றாள்.